கே-214 ஏன் வெளுத்தது

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். கப்பலூர் மேம்பாலத்தடியில் கணுக்கால் அளவு தண்ணீர். ஸ்கூட்டர் இரண்டு முறை நின்றது, மூன்றாவது முறை யோசித்துவிட்டு வந்தது. குடையில் ஒரு கம்பி போய்விட்டது.

இன்றைய வேலை ஒன்றே ஒன்று: எங்கள் புது மருந்து மூலக்கூறு கே-214, இரண்டாம் தொகுதி. என் ஜூனியர் செல்வி உலர்த்தி வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தாள்.

வெள்ளை.

முதல் தொகுதி இளமஞ்சள். அதுவே பன்னிரண்டு மில்லிகிராம்தான், ரசத்துக்குப் போடும் பெருங்காயத்தை விடக் குறைவு. அதில் பாதியைத்தான் பெங்களூர் ஆய்வகத்துக்குச் சோதனைக்கு அனுப்பினோம். சர்க்கரை நோயில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஒரு நொதியை இது அடக்குகிறது, அபாரமாக அடக்குகிறது என்று பதில் வந்தது. அன்று எங்கள் முதலாளி எம்.டி. எல்லாருக்கும் அல்வா கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். எனக்கும் சர்க்கரை.

"சார், இது வெள்ளையாவுல்ல வந்திருக்கு."

"நல்லதுதானேம்மா. சுத்தமா இருக்கு."

"அப்ப அது?"

டீ குடிக்கப் போனேன். விஞ்ஞானத்தில் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை.

எம்.டி. வந்து குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அட, பாலிஷ் போட்ட பொன்னி அரிசி மாதிரி இருக்கே டாக்டரே. ஹைதராபாத்துக்காரங்க அசந்துருவாங்க."

ஹைதராபாத்துக்காரர்கள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். பெரிய கம்பெனி. கே-214 பிடித்துவிட்டால் எடுத்துக்கொள்வார்கள், எங்கள் ஆய்வகம் பிழைக்கும். பிடிக்காவிட்டால் ஷெட்டை மறுபடி குடோன் ஆக்கிவிடப் போவதாக எம்.டி. தீபாவளி இனிப்பு கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். சாயப்பட்டறைக் கெமிக்கல் வியாபாரத்தில் வந்தவர். குடோன் அவருக்குப் பயம் இல்லை. இங்கே வேலை பார்க்கும் பதினோரு பேருக்குத்தான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளுத்தது பேய்.

கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும். பல் டாக்டர், சனிக்கிழமை.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். நேற்றைய மழைக்கு வெட்கம் வந்துவிட்டது போல.

ஒரே பொருள் முதல் முறை மஞ்சளாகவும் மறுமுறை வெள்ளையாகவும் வரக் காரணங்கள். கரைப்பான் பழசாக இருந்திருக்கலாம். வெளிச்சம் பட்டு நிறம் மாறியிருக்கலாம். செல்வி இம்முறை கூடுதல் கவனமாகச் செய்திருக்கலாம். அல்லது முதல் தொகுதியில் வேறு ஏதோ கலந்திருந்து, பெங்களூரில் வேலை செய்தது அந்த வேறு ஏதோவாக இருக்கலாம்.

கடைசியை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். எனக்குப் பயம் மனதில் வராது, நேரே குடலுக்குப் போய்விடும். கழிப்பறை ஜன்னலிலிருந்து நான்கு வழிச்சாலை நன்றாகத் தெரிகிறது. இன்று நிறையப் பார்த்தேன்.

இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கும் மேல். ஹைதராபாத், பெங்களூர், கடைசியில் சொந்த ஊர்ப் பக்கம் என்ற பெயரில் கப்பலூர். செய்வது எப்போதும் ஒன்றுதான். ஒரு மூலக்கூறைச் செய்வது, சோதனைக்கு அனுப்புவது, தோற்றதும் அதன் ஒரு மூலையை மாற்றி மறுபடி செய்வது. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பெண்ணின் அப்பா மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரு தோஷம். ஒன்று கல்லீரலைக் கெடுக்கும். ஒன்று தண்ணீரில் கரையாது. ஒன்று எலிக்கு ஒத்துக்கொண்டது, நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் செய்த எதுவும் இன்றுவரை ஒரு மனிதத் தொண்டையில் இறங்கியதில்லை.

விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பார்கள். விளக்கிப் பயனில்லை. மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துவிடுவேன். நாட்டு மக்களுக்கு நான் அளித்த மருந்து அவ்வளவுதான்.

கே-214 ஒரு தோஷமும் இல்லாமல் வந்தது. அப்போதே பயந்திருக்க வேண்டும்.

நவம்பர் 12, புதன்

மூட்டம். மழை இல்லை.

இரண்டு தொகுதியையும் டி.எல்.சி. தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். சின்னத் தகடு, அடியில் கரைப்பான். கலந்திருப்பவை தனித்தனியாகப் பிரிந்து வேறு வேறு உயரத்துக்கு ஏறி நின்றுவிடும். கல்லூரியில் முதல் வருடப் பாடம். நான் இதைப் போன மாதமே செய்திருக்க வேண்டும் என்பது இரண்டாம் வருடப் பாடம்.

புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தேன். கே-214 இரண்டிலும் ஒரே உயரத்தில், ஒழுக்கமாக. முதல் தொகுதியில் மட்டும் அதற்குக் கீழே இன்னொரு புள்ளி. பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது. அழகாக இருந்தது என்று எழுதக் கூசுகிறது. அழகாகத்தான் இருந்தது.

முதல் தொகுதியின் என்.எம்.ஆர். படத்தைத் தேடி எடுத்தேன். மூலக்கூறின் கைரேகை மாதிரி ஒரு படம் அது. பெரிய முகடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன முட்டுகள். பக்கத்தில் 'கரைப்பான் மிச்சம்' என்று என் கையெழுத்து. அது கரைப்பான் இல்லை என்று இன்று தெரிகிறது. அன்றும் தெரிந்திருக்கும், பார்த்திருந்தால். பெங்களூரிலிருந்து நல்ல சேதி வந்த பிறகு யார் முட்டுகளைப் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் வீட்டில். மத்தியானச் சாம்பார் வெள்ளைச் சட்டையில் சிந்தியிருந்தது. சுகுணா குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் கறை செக்கச் செவேலென்று ஆனது. பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான், மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும். இன்று அதைப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, கறை போயிரும். இதுக்கா இம்புட்டு வேர்க்குது?"

நவம்பர் 13, வியாழன்

வெயில். ஸ்கூட்டர் ஒரே மிதியில் கிளம்பியது. கெட்ட சகுனம்.

கிளம்புமுன் அடுப்படியில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் காகிதத்தில் மடித்தேன். சுகுணா பார்த்துவிட்டாள்.

"லேபுக்கு மஞ்சளா? அங்க யாருக்குங்க கல்யாணம்?"

"ஒரு டெஸ்ட்டு."

"அம்புட்டு பெரிய கம்பெனியில மஞ்சப் பொடி வாங்க வக்கில்லையா?"

ஒரே தகட்டில் மூன்று புள்ளி வைத்தேன். முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி, சுகுணாவின் மஞ்சள். கரைப்பான் ஏறும்வரை நின்றுகொண்டே இருந்தேன். வேண்டுதல் எல்லாம் இல்லை. உதடு மட்டும் அசைந்ததாகச் செல்வி பிறகு சொன்னாள்.

ஒரே உயரம். ஒரே ஒளிர்வு. காரக் கரைசலை, சோப்பின் இனம்தான், ஒரு சொட்டு விட்டேன். முதல் தொகுதியின் கீழ்ப்புள்ளியும் சுகுணாவின் புள்ளியும் சேர்ந்து சிவந்தன. இரண்டாம் தொகுதி வெள்ளையாக, ஒன்றும் தெரியாத பிள்ளை போல.

மஞ்சளைப் பற்றி எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கோர்ட் வாசலில் நிற்கும் வாடகைச் சாட்சி. எந்த வழக்கில் ஏற்றினாலும் 'ஆமாம், நான் பார்த்தேன்' என்று சொல்லும். எந்த நொதியின் சோதனையில் போட்டாலும் வேலை செய்வது மாதிரி காட்டும். பெங்களூரில் சாட்சி சொன்னது கே-214 இல்லை, மஞ்சள். அநேகமாக.

செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டேன். கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள்.

"ஆயுத பூசையன்னைக்கு நீங்க லீவுல இருந்தீங்க சார். எம்.டி. சாரு எல்லாத்துக்கும் மஞ்சள் குங்குமம் வச்சாரு. தராசு, கம்ப்யூட்டரு, ஏ.சி. ரிமோட்டு வரைக்கும். ரோட்டாவுல மாட்டியிருந்த பிளாஸ்க்குக்கு வெளிய வச்சா வழுக்குதுன்னு கழுத்துக்குள்ள விரல விட்டு ஒரு இழுப்பு இழுத்தாரு. 'இது ராசியான பிளாஸ்க். நாளைக்கு விஜயதசமி, மொத வேலை இதுலதான் ஆரம்பிக்கணும், யாரும் கழுவிராதீங்க'ன்னாரு."

ரோட்டா என்பது கரைப்பானை ஆவியாக்கி விரட்டும் சுழல் இயந்திரம். கடைசியில் பொருள் அந்தக் குடுவையில்தான் தங்கும். கே-214 விஜயதசமி அன்று அதில் தங்கியிருக்கிறது. வித்யாரம்பம்.

"நீ துடைக்கலையா?"

"துடைக்கலாம்னு பஞ்ச எடுத்தேன் சார். அவரு பக்கத்துலயே கும்புட்டுக்கிட்டு நின்னாரு. காஞ்சு ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு, கரையாதுன்னு நெனச்சேன்." பிறகு, மெதுவாக: "என்னைய அனுப்பிருவாங்களா சார்?"

டி. கல்லுப்பட்டிப் பக்கம் அவள் ஊர். அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் களை எடுத்துப் படிக்க வைத்தவர்கள். முனைவர் பட்டம் வாங்கியதும் தெருமுனையில் 'டாக்டர் செல்வி' என்று பிளெக்ஸ் வைத்தார்கள். இன்றும் ஊசி போட ஆள் வருகிறதாம். அனுப்ப மாட்டார்கள் என்று சொன்னேன். எந்த ஆதாரமும் இல்லாமல்.

இரண்டாம் தொகுதியைப் பெங்களூருக்கு அனுப்பினேன். வெள்ளையும் வேலை செய்தால் பிழைத்தோம், மஞ்சள் வெறும் அலங்காரம். கூரியர்க்காரரிடம் உறையைக் கொடுத்துவிட்டு, அவர் பைக்கில் ஏறிய பிறகு ஓடிப்போய் வாங்கிவிடலாமா என்று தோன்றியது. வாங்கவில்லை. தைரியத்தால் இல்லை, ஓட முடியாது என்பதால்.

நவம்பர் 14, வெள்ளி

மழை. எம்.டி. வரவேற்பறையில் புது சோபா இறக்கினார். "உட்காந்து பாருங்க டாக்டரே." உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறை எழும்போது கூடவே வந்தது.

"எப்பிடி?"

"நல்லா இருக்கு சார்."

சொல்லியிருக்கலாம். அறையில் நானும் அவரும் சோபாவும் மட்டும்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

வானம் தெளிவு. நேற்று பல் டாக்டரிடம் போகவில்லை. ஒரு நேரத்தில் ஒரு பயம் போதும்.

பரவைக்கு, மச்சானைப் பார்க்க. சுகுணாவின் அண்ணன். மார்க்கெட்டில் காய்கறி மண்டி. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், மற்ற நாளில் மண்டி. இரண்டு இடத்திலும் அதே சத்தம், அதே அதட்டல்.

என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். "வாங்க மாப்ள! டேய், சேர் போடுங்கடா. என் கிட்னிக்கு மருந்து கண்டுபிடிச்சவரு வாராரு."

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் தலைத்துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, எங்க ஆத்தாளுக்கும் சர்க்கரதாண்ணே. ஒரு அட்டை கெடைக்குமா?"

"இன்னும் அட்டையெல்லாம் வரலைங்க."

"சொட்டு மருந்தா?"

மச்சான் சிரித்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. முழுக்கைச் சட்டையை மடக்காமல் போட்டிருந்தார், ஊசி ஏற்றுகிற இடம் தெரியக்கூடாதென்று.

"அந்த ஹைதராபாத்து பார்ட்டி ஓக்கே சொல்லிட்டா எப்ப மாப்ள கைக்கு வரும்?"

எல்லாம் சரியாகவே நடந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். முதலில் எலி, பிறகு நாய், பிறகு நல்ல ஆரோக்கியமான மனிதர்கள், அப்புறம்தான் நோயாளிகள். நடுவில் எங்காவது விழுந்தால் முடிந்தது. பெரும்பாலும் விழும். இதை நான் அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

"கொஞ்சம் நாள் ஆகும் மச்சான்."

"எலிக்கெல்லாம் போட்டுப் பாப்பீங்களாமே, சுகுணா சொல்லுச்சு. எதுக்கு மாப்ள? என் மேல மொதல்ல போட்டுப் பாருங்க. எலிய விட நான் என்ன கேவலமாவா போயிட்டேன்?"

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன், பல் வலி என்று.

திரும்பும்போது ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் தைரியம் போதவில்லை.

நவம்பர் 17, திங்கள்

மழை. போன் அடிக்கும்போதெல்லாம் பெங்களூரோ என்று. கேஸ்காரர். இன்சூரன்ஸ். சுகுணா, கறிவேப்பிலை. இன்சூரன்ஸ் பெண்ணிடம் நெடுநேரம் பேசினேன், வேறு யாரும் கூப்பிட முடியாதபடி. மூன்று பாலிசி விளக்கினாள். வேலை போனாலும் காப்பாற்றும் பாலிசி இருக்கிறதா என்று கேட்டேன். தீவிபத்துக்கு உண்டு என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் மெயில்.

கே-214, இரண்டாம் தொகுதி. எவ்வளவு போட்டும் நொதி அசையவில்லை. படத்தில் இடமிருந்து வலம் வரை ஒரு நேர்கோடு. ஆஸ்பத்திரியில் அந்தக் கோடு வந்தால் ஆள்களை வெளியே போகச் சொல்வார்கள். இங்கே யாரும் சொல்லவில்லை, நானே போனேன். நான்கு வழிச்சாலை. லாரிகள்.

இறந்தவர் பெயர் கே-214. பிறந்தது விஜயதசமி. உண்மையில் பிறக்கவே இல்லை.

செல்வி திரையைப் பார்த்தாள். தன் மேசையைத் துடைத்தாள், பிறகு என் மேசையை.

"எம்.டி. சாருகிட்ட யாரு சார் சொல்றது?"

"நான்தான்."

"எப்ப?"

"நாளைக்கு."

இன்றே சொல்லியிருக்கலாம். அவர் ஹைதராபாத்துக்காரர்களுக்கு ஹோட்டல் பார்த்துக்கொண்டிருந்தார். அயிரை மீன் உண்டா என்று போனில் விசாரித்தார். அந்த நேரத்தில் ஒரு மனிதனைத் தொந்தரவு செய்யக்கூடாது.

நவம்பர் 19, புதன்

தூறல். ஸ்கூட்டரில் வரும்போது வாய்விட்டு ஒத்திகை பார்த்தேன். "சார், ஒரு சின்ன விஷயம்." "சார், ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி." நல்ல சேதி கிடைக்கவில்லை. திருமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பதினோரு மணிக்கு அவர் அறையில் சொன்னேன். நின்றுகொண்டே. தகட்டைக் காட்டினேன், பெங்களூர் படத்தைக் காட்டினேன். மஞ்சள் என்றதும் சிரித்தார்.

"மஞ்சள் நல்லதுதானே டாக்டரே? கிருமிநாசினி."

நல்லதுதான், ஆனால் நாம் விற்பது மஞ்சள் இல்லை என்று சொன்னேன். சிரிப்பு மெதுவாக இறங்கியது. ஏ.சி. ரிமோட்டை எடுத்து அணைத்தார், மறுபடி போட்டார். அதிலும் ஒரு குங்குமப் பொட்டு.

"பழசு எம்புட்டு மிச்சம் இருக்கு?"

"ஆறு மில்லிகிராம் இருக்கும்."

"அவங்களும் டெஸ்ட்டு பண்ணிப் பாக்கத்தானே கேப்பாங்க. பழசையே குடுத்துருவோம்."

"சார், அது மஞ்சள்."

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பொறவு அவங்க பெருசாச் செஞ்சு பாத்துட்டு வரலைன்னா, அது அவங்க செய்முறைக் கோளாறு. நாம என்ன பண்ண?" குரல் தாழ்ந்திருந்தது. மேசைக்கடியில் அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவரும் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் பயம் என் ஒருவனுக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

"என்னால முடியாது சார்" என்றேன். எவ்வளவு மெல்லச் சொன்னேனென்றால், அவர் "என்னது?" என்றார். மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் கஷ்டம்.

கதவருகே போனபோது கூப்பிட்டார். "ஆமா, பிளாஸ்க்குல மஞ்சள் வச்சது யாரு?"

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் கள்ளம் இல்லை. நிஜமாகவே கேட்கிறார்.

"பாண்டியம்மாவாத்தான் இருக்கும்" என்று அவரே முடித்தார். "சொன்னாலும் கேக்காது அது."

பாண்டியம்மா கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர், டீயும் கொடுப்பார். எம்.டி. பொய் சொல்லவில்லை. ஞாபகத்தைத் தனக்கு வசதியான அளவுக்கு வெட்டிக்கொண்டார். தையற்காரர் மாதிரி, ஒரு சிரமமும் இல்லாமல்.

பழைய தொகுதிக் குப்பியை என்னிடமிருந்து வாங்கித் தன் அறைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

நவம்பர் 20, வியாழன்

வெயில் சுரீரென்று. நாளை.

பயப்பட வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில் இல்லை. எம்.டி. குப்பியைக் கொடுத்துவிடுவார். நான் வாயைத் திறக்க மாட்டேன். நான் வாயைத் திறந்துவிடுவேன். குடோன். செல்விக்கு இங்கிருந்து நல்ல சான்று கிடைக்காது. மச்சான் கேட்பார். இந்த வயதில் எங்கே போய் வேலை கேட்பது. பல்.

மத்தியானம் பாண்டியம்மா டீ கொண்டுவந்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். சேலைத் தலைப்பால் தம்ளரின் அடியைத் துடைத்தார், அது காய்ந்துதான் இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கவா? அக்கவுண்டன்ட் அம்மா கூப்பிட்டு, 'ஆயுத பூசைக்கு மஞ்சள் கொழச்சது யாரு'ன்னு கேட்டுச்சு. நாந்தான் கொழச்சேன்னு சொன்னேன். எழுதிக்கிருச்சு. தப்பா சார்?"

"கொழச்சது தப்பில்ல பாண்டியம்மா."

"வருசா வருசம் நாந்தான கொழக்கேன். பன்னீர் ஊத்தி. அவரு கிண்ணத்த வாங்கிட்டுப் போயி வச்சாரு. நான் எந்த மிஷினையும் தொடல சார், தொட்டா ஷாக் அடிக்கும்னு செல்விப் பாப்பா சொல்லியிருக்கு."

"தெரியும்."

"திங்கக்கெழமைலேருந்து வர வேணாம்பாங்களோ?"

இந்தக் கேள்விக்கு நான் 'மாட்டாங்க' என்று சொல்லவில்லை. செல்விக்குச் சொன்னேன், இவருக்கு வரவில்லை. "டீ நல்லாருக்கு" என்றேன். இன்னும் குடிக்கவே இல்லை என்பதை இருவருமே பார்த்தோம்.

"ஏன் சார் கை இப்பிடி ஆடுது? சீனி கொறஞ்சிருக்கும். ரெண்டு பிஸ்கட்டு தாரேன்." கொண்டுவந்து கொடுத்தார். வேலை போகப்போகிறவர் கையால் வாங்கித் தின்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் நல்ல மழை. விமானம் தாமதமாகும், ரத்தாகும் என்று நினைத்தேன். சரியான நேரத்துக்கு வந்தது.

இருவர். ஒரு பையன், பேசாமல் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். ஓர் அம்மா, அவர்தான் தலைவர். நரைத்த தலை, சாதாரணக் கைத்தறிச் சேலை. திருநெல்வேலிக்காரர், ஹைதராபாத்தில் பல வருடம். அவரும் மருந்து வேதியியல்தான். சோபாவில் உட்கார்ந்தார், உறை ஒட்டியது, முகம் மாறவில்லை. எனக்குப் பிடித்துப் போயிற்று. அதனால் இன்னும் பயம்.

எம்.டி. பேசினார். படங்கள் ஓடின. பெங்களூரின் முதல் படம் வந்தது, அழகான வளைவு. இரண்டாவது படம் வரவில்லை. செல்வி சுவரோரம் நின்றாள். நான் கதவைத் தேடினேன், அது எம்.டி.க்குப் பின்னால் இருந்தது.

எம்.டி. பிள்ளையாரிடமிருந்து குப்பியை எடுத்துவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். அந்த அம்மா அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"கட்டமைப்பைப் பார்த்தா நிறமே இருக்கக் கூடாதே. ஏன் மஞ்சளா இருக்கு?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எம்.டி.யும் என்னைத்தான் பார்த்தார். 'ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பிக்க நினைத்தேன். வாயில் வந்தது: "அது மஞ்சள், மேடம். சமையல் மஞ்சள். கே-214 வேலை செய்யலை."

பிறகு நிறுத்த முடியவில்லை. தகடு, காரச் சொட்டு, நேர்கோடு, நான் லீவில் இருந்த ஆயுத பூஜை, கழுவாத குடுவை, நான் எழுதிய 'கரைப்பான் மிச்சம்', எல்லாம் சொன்னேன். யார் விரல் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். நான் பேசுவதை நானே தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு டி.வி. மாதிரி.

மின்விசிறி. மழை. பையன் தட்டுவதை நிறுத்தியிருந்தான்.

"குடுவைக்குள்ள மஞ்சள் வெச்சது யாரு?" என்றார் அந்த அம்மா. கோபம் இல்லை. அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும் என்ற குரல்.

எம்.டி. தொண்டையைச் சரிசெய்தார். "மேடம், கீழ வேலை செய்யிற ஒரு பொம்பள. படிப்பில்ல. வெவரம் தெரியாம..."

பாண்டியம்மா அப்போதுதான் தட்டோடு உள்ளே வந்திருந்தார். தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதும் சின்னச் சத்தம். செல்வி வாயைத் திறந்தாள். அவள் சொல்லிவிட்டால் அவளுக்கும் இங்கே இன்றோடு சரி.

"நான்தான் வெச்சேன்" என்றேன்.

எம்.டி. என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம், பிறகு நம்பிக்கை, பிறகு நிஜமான வருத்தம். "டாக்டரே, நீங்களா?" என்றார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆயுத பூஜைக்கு நீங்க லீவுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"முந்தின நாளே வெச்சேன்."

இத்தனை வருடத்தில் தோற்ற மூலக்கூறுகள் ஏராளம். இட்டுக்கட்டிய தரவு என்று நான் யாருக்கும் கொடுத்ததில்லை. இது முதல்.

அவர் நம்பவில்லை. ஆனாலும் அந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

"உங்க பேரு? இனிஷியலோட."

சொன்னேன்.